பூஜ்யம் கேட்ட குடும்பம்

என் மாமனார் வீட்டில் யாரும் எதையும் மெதுவாகச் சொல்வதில்லை. குளியலறையில் சோப்பு தீர்ந்தால்கூட அது தலை போகிற காரியம். கல்யாணமான புதிதில் மாமியார் மாடியிலிருந்து போட்ட சத்தத்தைக் கேட்டு, ஒரு காலில் மட்டும் செருப்போடு நான் படியேறி ஓடியிருக்கிறேன். போய்ப் பார்த்தால் அவருடைய மூக்குக்கண்ணாடியைக் காணவில்லையாம். அது அவர் தலைமேலேயே இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். "இதுக்கா இப்படி ஓடி வந்தே?" என்று என்னைத்தான் திட்டினார்.

வீட்டோடு நின்றால் பொறுத்துக்கொள்ளலாம். தொழிலையும் இப்படித்தான் நடத்துகிறார்கள். எங்களுடையது ஐஸ்கிரீம் தொழிற்சாலை. மாமனார் முதலாளி. மாமியார் பில் போடும் பகுதி. என் கணவருக்கு மூத்தவரான நாத்தனார், நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், பேக்கிங் பகுதி. தொழிலாளர்கள் அவருக்கு 'சங்கு' என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். எட்டு மணிக்கு அவர் உள்ளே நுழைந்து பேச ஆரம்பித்தால் தெருவில் இருப்பவர்கள் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ளலாம். கம்ப்யூட்டர் பகுதி நான். பகுதி என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். மாடிப்படிக்குக் கீழே ஒரு சர்வர், அதன்மேல் தூசி, பக்கத்தில் நான்.

குளிர் அறைகளை என் கணவர் பார்த்துக்கொள்கிறார். இந்தக் குடும்பத்தில் இவர் எப்படிப் பிறந்தார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆஸ்பத்திரியில் மாற்றிக் கொடுத்திருப்பார்களோ என்றுகூட நினைத்ததுண்டு. ஆனால் மூக்கு அப்படியே மாமனாருடையது, சந்தேகத்துக்கு இடமில்லை. கதவிடுக்கில் விரல் நசுங்கினால் மற்றவர்கள் ஊரைக் கூட்டுவார்கள். இவர், "ஒரு நிமிஷம், அந்தக் கதவைக் கொஞ்சம் திறக்கிறீங்களா? முடிஞ்சா போதும்" என்பார். தொழிலாளர்கள் இவருக்கு வைத்த பெயர் 'மியூட்'. அது தெரிந்தும் அவருக்கு வருத்தமில்லை. எனக்குத்தான் கோபம் வரும்.

அப்படிப்பட்ட மனிதர் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றுக்கு ஆசைப்பட்டார். எலுமிச்சையும் மிளகும் போட்ட ஒரு ஐஸ்கிரீம். பல மாதங்கள் எங்கள் வீட்டுச் சமையலறையில் செய்து செய்து பார்த்தார். தோற்றுப்போனதையெல்லாம் சாப்பிட்டவள் நான்தான். ஒன்றைச் சாப்பிட்டுச் சாயங்காலம் வரை நாக்கு என் பேச்சைக் கேட்கவில்லை. ஆனால் கடைசியாக ஒன்று செய்தார் பாருங்கள். வாயில் வைத்ததும் சில்லென்று ஒரு புளிப்பு. அது அடங்கியபின் தொண்டையில் சின்னதாக ஒரு காரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். கிண்ணத்தை வழித்து நக்கிவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் எங்கள் கல்யாணப் படத்தில்கூடப் பார்த்ததில்லை.

மாமனாரிடம் சொல்ல அவருக்கு ஒரு மாதம் பிடித்தது. "ஐஸ்கிரீம்ல மிளகா? ஜலதோஷத்துக்கா விக்கப்போறோம்?" என்றார் மாமனார். நான் விடவில்லை. சாப்பாட்டு நேரத்தில், காரில், மாடிப்படியில் என்று கிடைத்த இடத்திலெல்லாம் பிடித்துக்கொண்டேன். கடைசியில் இறங்கி வந்தார். ஒரு பெரிய கடைத்தொகுதிக்குச் சரக்கு வாங்கும் அம்மாள் வெள்ளிக்கிழமை ருசி பார்க்க வருகிறார். எங்கள் பத்து வகைகளோடு கடைசியில் இதையும் வைக்கலாம். அந்த அம்மாளுக்குப் பிடித்தால் இது பதினோராவது வகை. இல்லையென்றால் மிளகு என்ற பேச்சையே இனி யாரும் எடுக்கக்கூடாது. ஐஸ்கிரீமைக் கடைகிற இயந்திரத்தை மாமனார் மகனுக்கு ஒரே ஒரு நாள் விட்டுக்கொடுத்தார். அந்த ஒரு நாளில் ஒரே ஒரு ஈடு செய்து, சின்னக் குளிர் அறையில் தட்டோடு வைத்துக் கதவைச் சாத்தினார் என் கணவர். நாளுக்கு நாலு முறை போய் அந்தக் கதவைத் தடவிப் பார்த்துவிட்டு வருவார்.

இந்த நேரத்தில்தான் நான் லாக் வேலையைக் கையில் எடுத்தேன். தொழிற்சாலையில் ஒவ்வொரு இயந்திரமும் தனக்கு நடப்பதையெல்லாம் எழுதி வைத்துக்கொள்ளும். அதற்குப் பெயர் லாக். எங்களிடம் இருந்தவை ஒவ்வொன்றும் தன் மூலையில் உட்கார்ந்து தனக்குத்தானே புலம்பிக்கொண்டிருந்தன. போன கோடையில் பெரிய குளிர் அறையின் கம்ப்ரஸர் எரிந்துபோனது. போன பிறகு எடுத்துப் பார்த்தால், ஒரு வாரமாகவே அது சூடாகிறது சூடாகிறது என்று எழுதிக் கெஞ்சியிருக்கிறது. படிக்கத்தான் ஆளில்லை. முன்பு குளிர் அறைக்கு வெளியே ஒரு எச்சரிக்கை மணி இருந்தது. அது அடித்தால் பக்கத்து அறையில் அம்மாவின் பில் வேலைக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று என் கணவரே அதைக் கழற்றி, துடைத்து, துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டார்.

எல்லாச் செய்திகளும் ஒரே இடத்துக்கு, என் சர்வருக்கு வரும்படி செய்யப்போகிறேன் என்று மாமனாரிடம் சொன்னேன்.

"அவசரமா?" என்றார்.

"ஆமா மாமா, ரொம்ப அவசரம்" என்றேன். அங்கே அப்படிச் சொன்னால்தான் வேலை நடக்கும்.

இதற்கு சர்வரில் ஒரு கோப்பு எழுத வேண்டும். அதில் ஒவ்வொரு வரியும் ஒரு உத்தரவு. வரியின் முதல் பாதி, செய்தி யாரிடமிருந்து வருகிறது, எவ்வளவு அவசரமானது என்று சொல்லும். இரண்டாம் பாதி, அதை எங்கே அனுப்புவது என்று சொல்லும். அவசரத்துக்கு எட்டுப் படிகள். பூஜ்யம்தான் உச்சம். கூரை பற்றி எரிகிறது, எல்லோரும் ஓடுங்கள் என்று அதற்கு அர்த்தம். அந்தப் படியில் வரும் செய்தி, யார் என்ன வேலை செய்துகொண்டிருந்தாலும் எல்லாத் திரைகளிலும் குறுக்கே வந்து விழும். நடுப்படிகளில் வருவது என் மெயிலுக்கு வரும். ஆறும் ஏழும் வெறும் தகவல். அவை ஒரு கோப்பில் போய் விழுந்து, யாரும் பார்க்காமல் கிடந்து, சில நாளில் அழிந்துபோகும்.

எந்தச் செய்திக்கு எந்தப் படி என்று நானே போட்டிருக்கலாம். அவரவர் பகுதி அவரவருக்குத்தானே தெரியும் என்று நினைத்து, எல்லோரையும் உட்காரவைத்துக் கேட்டேன். அதுதான் நான் செய்த தப்பு என்று இப்போது குடும்பமே சொல்கிறது. கேட்டது தப்பா, கேட்டதற்கு அவர்கள் சொன்ன பதில் தப்பா என்று நான் திருப்பிக் கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுகிறார்கள்.

மாமனாரின் அறையில் கூடினோம். பூஜ்யத்திலிருந்து ஏழு வரை பலகையில் எழுதி விளக்கினேன். நான் முடிப்பதற்குள் மாமியார், "எனக்கு ஏழு குடு" என்றார்.

"அத்தை, ஏழுதான் எல்லாத்துலயும் கடைசி. பூஜ்யம்தான் பெரிசு."

"பூஜ்யம் எப்படிம்மா பெரிசாகும்? நாப்பது வருஷமா பில் போடறேன். எனக்கு நீ பூஜ்யம் சொல்லித் தர்றியா?"

மறுபடியும் முதலிலிருந்து விளக்கினேன். அதற்குள் அண்ணி கணக்கைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு பூஜ்யம்" என்றார்.

"என்னது, டேப் தீர்ந்துபோச்சுங்கறதுக்கா அண்ணி?"

"டேப் இல்லாம பெட்டியை என்ன, எச்சில் தொட்டா ஒட்டுவேன்?"

"அவளுக்கு பூஜ்யம்னா எனக்கும் பூஜ்யம்தான்" என்றார் மாமியார், ஏழை அந்தக் கணமே கைகழுவிவிட்டு.

அண்ணிக்கு அது பிடிக்கவில்லை. எல்லோருக்கும் ஒரே படி என்றால் அப்புறம் மரியாதை எங்கே இருக்கிறது? கொஞ்ச நேரம் பலகையையே உற்றுப் பார்த்தார். "சரி, பூஜ்யத்துக்குக் கீழ என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல."

"எப்படி இல்லாம போகும்? தம்பியோட குளிர் ரூம்ல மைனஸ் பதினெட்டு வரைக்கும் இருக்கே. எனக்கு மைனஸ் ஒண்ணு போடு."

இதைக் கேட்டு மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "முதலாளி நான் இருக்கும்போது இவளுக்கு மைனஸ் ஒண்ணா? எனக்கு மைனஸ் அஞ்சு."

அன்று சாயங்காலம் வரை ஏலம் போயிருக்கும். அப்படிப் போடவே முடியாது, சர்வர் ஒத்துக்கொள்ளாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லி முடித்தேன். எல்லோரும் பூஜ்யத்தில் வந்து நின்றார்கள். மாமனாருக்கு எந்த இயந்திரமும் கிடையாது என்பதால் அவருக்கு அறிவிக்க ஒன்றுமில்லை. அது அவருக்குப் பெரிய மனக்குறை. சமாதானத்துக்காக அவர் திரையில் ஒரு சின்னக் கட்டம் போட்டுக் கொடுத்தேன். அதில் எதைத் தட்டினாலும் பூஜ்யம் படியில் எல்லாத் திரைக்கும் போகும். சின்னப் பிள்ளைக்கு விசில் வாங்கிக் கொடுத்த கதைதான்.

கடைசியாக என் கணவர் பக்கம் திரும்பினேன். "உங்களுக்கு?"

"அந்த ஏழு சும்மாதானே இருக்கு? அதையே எனக்குக் குடு."

"என்னங்க, குளிர் ரூமுக்கா ஏழு?"

"ஐஸ்கிரீம் உருகறதும் ஒரு தகவல்தானேம்மா. எதுக்கு எல்லாரையும் தொந்தரவு பண்ணணும்?"

நான் மூன்று வைக்கச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். நாலு என்றேன். அம்மாவின் திரையில் குறுக்கே வந்தால் அம்மாவுக்குப் பிடிக்காது என்றார். நாலு அங்கே போகாது, என் மெயிலுக்குத்தான் வரும் என்றேன். உனக்கு ஏற்கெனவே எவ்வளவு வேலை என்றார். ஏற்கெனவே மூன்று பேரோடு மல்லுக்கட்டி எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றியிருந்தது. ஆறு என்று முடித்துக்கொண்டோம். ருசி பார்க்கும் நாள் கழிந்ததும் அவருக்குத் தெரியாமல் மாற்றிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

செய்தியின் வாசகங்களையும் அவரவரே எழுதிக் கொடுத்தார்கள். அப்படியே போட்டேன்.

கோப்பைச் சேமித்து, சர்வரை அதை மறுபடியும் படிக்கச் சொன்ன அந்த நிமிடத்திலிருந்து எங்கள் தொழிற்சாலையில் ஒருவரும் உருப்படியாக ஒரு வேலை செய்யவில்லை. 'பேக்கிங்: டேப் தீரப்போகிறது.' எல்லாத் திரைகளிலும். 'பேக்கிங்: டேப் தீர்ந்துவிட்டது.' எல்லாத் திரைகளிலும். 'பேக்கிங்: புது டேப் மாட்டியாகிவிட்டது.' இதற்கு எதற்கு பூஜ்யம் என்று கேட்டால், "நல்ல சேதியை மட்டும் மெதுவா சொல்லணுமா?" என்கிறார் அண்ணி. 'பில்: பிரிண்டர் முனகுகிறது.' 'பில்: முனகல் நின்றுவிட்டது, ஏன் என்று தெரியவில்லை.'

மாமனார்தான் உச்சம். 'முதலாளி: என் பேனாவை எடுத்தது யார்.' மாமியாரின் திரையில் இது பாதி பில்லுக்கு நடுவில் வந்து விழுந்தது. வாடிக்கையாளர்தான் கேட்கிறார் என்று நினைத்து, அவருக்கே ஃபோன் போட்டு, எங்கள் ஆட்கள் யாரும் உங்கள் பேனாவைத் தொடவில்லை, எங்களுக்கு அப்படிப்பட்ட பழக்கம் கிடையாது என்று காரசாரமாகச் சொல்லிவிட்டார். அதற்குள், 'முதலாளி: பேனா கிடைத்துவிட்டது. சட்டைப் பையில்.'

படியைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் கெஞ்சினேன். அண்ணி, அம்மா முதலில் குறைக்கட்டும் என்றார். மாமியார், அவளைக் குறைக்கச் சொல் என்றார். மாமனார், "எல்லாரும் குறைச்சதும் நான் குறைக்கறேன்" என்று பெரிய மனது பண்ணினார். கணவரிடம் போய்ப் புலம்பினேன். "பாவம், அவங்கவங்களுக்கு அவங்கவங்க கஷ்டம்" என்றார். இந்த மனிதரை வைத்துக்கொண்டு நான் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

வெள்ளிக்கிழமை காலை வந்தது. என் கணவர் இஸ்திரி போட்ட சட்டையில் பார்ப்பதற்குப் புது மாப்பிள்ளை மாதிரி இருந்தார். காலையில் ஒரு வாய் காப்பிகூட இறங்கவில்லை. "அந்த அம்மாவுக்குப் பிடிக்கலேன்னா பரவாயில்ல" என்று என்னிடம் மூன்று முறை சொன்னார். நான் எத்தனையோ வருடமாகப் பார்க்கிறேன், பரவாயில்லை என்று அவர் ஒரு முறை சொன்னால் நிஜமாகவே பரவாயில்லை. மூன்று முறை சொன்னால் உயிர் அதில் இருக்கிறது என்று அர்த்தம்.

பதினோரு மணிக்குக் கடை அம்மாளின் கார் வாசலில் நின்றது. மாமனாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. விரல் மட்டும் ஓடியது. 'முதலாளி: விருந்தாளி வந்தாச்சு. எல்லோரும் போட்டதைப் போட்டபடி விட்டுவிட்டு உடனே முன்கூடத்துக்கு வரவும்.' எல்லாத் திரைகளிலும் வந்தது. என்னைத் தவிர எல்லோரும் அரக்கப்பரக்க ஓடினார்கள். அவர் சொன்னபடியே போட்டதைப் போட்டபடி போட்டுவிட்டுத்தான் ஓடினார்கள்.

நான் போகவில்லை, ஏனென்றால் என் சர்வருக்கு மூச்சு முட்டிக்கொண்டிருந்தது. அவசரங்களாக எழுதித் தள்ளி அதன் டிஸ்க்கில் இடமே இல்லாமல் ஆக்கியிருந்தார்கள். டேப் இயந்திரம் வேறு எதிலோ சிக்கிக்கொண்டு, தீரப்போகிறது தீரப்போகிறது என்று ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. எதையாவது அழித்தாக வேண்டும். யாருக்கும் வேண்டாத கோப்பு எது என்று பார்த்தேன். ஆறும் ஏழும் போய் விழும் அந்தத் தகவல் கோப்புதான். அழிப்பதற்கு முன் கடைசிப் பக்கத்தை ஒரு முறை பார்ப்பது என் பழக்கம். பார்த்தேன்.

'சின்னக் குளிர் அறை: வணக்கம். கதவு லேசாகத் திறந்திருப்பது போலத் தெரிகிறது. முடிந்தால் பார்க்கவும்.'

'சின்னக் குளிர் அறை: குளிர் மைனஸ் பதினொன்றுக்கு வந்திருக்கிறது. எல்லோரும் வேலையாக இருப்பீர்கள். பரவாயில்லை.'

'சின்னக் குளிர் அறை: பிளஸ் நான்கு. உள்ளே இருப்பது சற்று இளகியிருக்கலாம். அவசரமில்லை.'

'சின்னக் குளிர் அறை: திரும்பத் திரும்பச் சொல்வதற்கு மன்னிக்கவும்.'

இயந்திரத்துக்கு வாசகம் எழுதிக் கொடுத்தால் இப்படியா எழுதிக் கொடுப்பார் ஒரு மனிதர்? எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினேன்.

முன்கூடத்தில் நீளமான மேசை. ஒரு பக்கம் கடை அம்மாள், கையில் கரண்டி, ஆறாவது கிண்ணம். மறு பக்கம் மாமனார், ஒவ்வொரு கிண்ணத்துக்கும் ஒரு சொற்பொழிவு. மாமியாரும் அண்ணியும் இரண்டு பக்கத்திலும் நின்று ஆமாம் போட்டுக்கொண்டிருந்தார்கள். என் கணவர் சுவரோடு சுவராக நின்றிருந்தார். அவர் காதில் விஷயத்தைச் சொன்னேன்.

"அப்படியா" என்றார். மேசைக்கு இடைஞ்சல் வராதபடி ஓரமாக, மெதுவாக நடக்க ஆரம்பித்தார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன்.

சின்னக் குளிர் அறையின் கதவிடுக்கில் ஒரு தள்ளுவண்டி நின்றிருந்தது. யாரோ உள்ளே எதையோ வைக்கப் போயிருக்கிறார், வண்டி பாதி நுழைந்திருக்கிறது, அதற்குள் மாமனாரின் அழைப்பு வந்திருக்கிறது. போட்டதைப் போட்டபடி. வாசல் வழியாகக் குளிர் வெள்ளைப் புகையாகத் தரையில் வழிந்துகொண்டிருந்தது. உள்ளே போனோம். தட்டில் எலுமிச்சை நிறத்தில் ஒரு குளம். மிளகுத் துகள்கள் அதில் மெதுவாக மிதந்துகொண்டிருந்தன.

மறுபடி உறைய வைக்கலாமே என்று கேட்டுவிடாதீர்கள், நானும் கேட்டேன். உருகியதை உறைய வைத்தால் உள்ளே நறநறவென்று ஐஸ் துண்டுகள் நிற்கும், வழவழப்பு திரும்பாது என்றார். ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்துப் பார்த்தார். "ருசி சரியாத்தான் இருக்கு" என்றார். கரண்டியைத் துடைத்து வைத்தார். "பரவாயில்ல." பிறகு, "பரவாயில்லம்மா." பிறகு மூன்றாவது முறை வாயைத் திறந்தார்.

"சொல்லாதீங்க" என்றேன். "இன்னொரு தடவை அதைச் சொன்னீங்கன்னா இந்தத் தட்டை எடுத்து உங்க தலையில கவுத்திடுவேன். எனக்குப் பரவாயிருக்கு. உங்களுக்கும்தான் இருக்கு. போய் அவங்ககிட்ட சொல்லுங்க."

"என்னன்னு சொல்றது?"

"வேணும்னு சொல்லுங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அந்தச் சொல்லை அவர் அந்த வீட்டில் எப்போதாவது சொல்லியிருப்பாரா என்பதே எனக்குச் சந்தேகம். பேச நினைத்த நேரத்திலெல்லாம் வேறு யாராவது கத்திக்கொண்டிருந்திருப்பார்கள். இவர் என்றைக்கோ வாயை மூடியிருக்கிறார், அது அப்படியே பழகிப்போயிருக்கிறது. எனக்கு அவர்மேல் இருந்த கோபம் அந்த இடத்திலேயே இறங்கிப்போனது.

நாங்கள் முன்கூடத்துக்குத் திரும்பும்போது கிண்ணங்கள் காலி. கடை அம்மாள் கைப்பையை மாட்டிக்கொண்டிருந்தார். "பதினொண்ணுன்னு ஃபோன்ல சொன்னீங்க, பத்துதானே வந்துது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னொண்ணு பையன் சும்மா விளையாட்டுக்குப் பண்ணது. அது ஒண்ணும் பெரிய விஷயமில்ல" என்றார் மாமனார், வாசல்வரை வழியனுப்பியபடி. என் கணவர் அதைக் கேட்டார். நின்றார். கடை அம்மாள் காரில் ஏறிக் கதவைச் சாத்தினார். வண்டி நகர்ந்தது.

அப்போது என் கணவர் ஓடினார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல், இஸ்திரிச் சட்டை பின்னால் பறக்க, வாசலைத் தாண்டி, பூந்தொட்டியைத் தாண்டி, நேராகக் காருக்கு முன்னால் போய் நின்றார். டிரைவர் பிரேக் போட்ட சத்தத்தில் அண்ணியே பேச்சை நிறுத்திவிட்டார். கண்ணாடி இறங்கியது. நானும் பின்னாலேயே போய் நின்றேன்.

"அது விளையாட்டு இல்லீங்க" என்றார் என் கணவர். "எலுமிச்சையும் மிளகும் போட்டு நான் செஞ்சது. இன்னிக்கு உருகிடுச்சு. நீங்க அதைச் சாப்பிட்டுப் பாக்கணும். எனக்கு அது வேணும். தயவு செஞ்சு இன்னொரு நாள் வாங்க."

கடை அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தார். "பத்துக் கிண்ணம் சாப்பிட வச்சாரு உங்கப்பா, எல்லாமே உலகத்துலயே சிறந்ததுன்னு சொன்னாரு. எது நல்லா இருந்துச்சுன்னு எனக்கே ஞாபகம் இல்ல" என்றார். "மிளகா?"

"மிளகுதாங்க. கொஞ்சமா. கடைசியிலதான் தெரியும்."

"வியாழக்கிழமை இந்தப் பக்கம் வர வேண்டியிருக்கு. வரேன். ஆனா அதை மட்டும்தான் சாப்பிடுவேன், உங்கப்பாகிட்ட சொல்லிடுங்க." கண்ணாடி ஏறியது. கார் அவரைச் சுற்றிக்கொண்டு போனது.

நாங்கள் திரும்பி வந்தபோது வாசற்படியில் குடும்பமே வரிசையாக நின்றுகொண்டிருந்தது. அந்த அம்மாள் வியாழக்கிழமை மறுபடி வருகிறார் என்று நான்தான் சொன்னேன். யாரும் ஒன்றும் பேசவில்லை. அந்தக் குடும்பம் சேர்ந்தாற்போல் பேசாமல் இருந்தது அதற்கு முன்பும் இல்லை, அதற்குப் பின்பும் இல்லை. மாமனார் மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். தொண்டையைக் கனைத்தார். வழக்கமாக அதற்குப் பிறகு வருவது இடிதான். ஆனால், "வியாழக்கிழமை வரைக்கும் மெஷின் உங்கிட்டயே இருக்கட்டும்டா" என்று மட்டும், பக்கத்தில் இருந்த எனக்கே அரைகுறையாகக் காதில் விழுகிற குரலில் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மற்றவர்களும் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். என் கணவர் வாசலோரம் இருந்த காலிப் பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, ஓட்டத்தில் கசங்கிய அவர் சட்டையை இழுத்துச் சரிசெய்தேன். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ரொம்பக் கத்திட்டேனா?"

அவர் கத்தவே இல்லை. பக்கத்து இலைக்காரரிடம் உப்பு கேட்கிற குரலில்தான் சொன்னார். காரின் கண்ணாடி இறங்கியிருக்காவிட்டால் ஒரு சொல்கூட உள்ளே போயிருக்காது.

"ஆமாங்க" என்றேன். "தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு."

அவர் காதுவரை சிவந்துபோய், சந்தோஷமாகத் தலையைக் குனிந்துகொண்டார்.